மன்னித்தவர் நட்டஈடு கேட்கலாமா?



"எல்லாம் ஆண்டவருடைய சித்தம், அம்மா. மன்னிச்சு விடுங்கோ. கையெழுத்தை வையுங்கோ."

இவ்வார்த்தைகளை ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு முன்னிரவில், ஒரு சிறிய வீட்டின் விறாந்தையில் இருந்துகொண்டு நானே சொன்னேன். என் எதிரே வாங்கில் காலை நீட்டியபடி ஒரு விதவைத் தாய். அதிகாலைத் திருப்பலிக்கு வரும் வழியில், பாதசாரிகள் கடவையில் வைத்து, வேகமாக வந்த வான் ஒன்று அவரைத் தூக்கி எறிந்திருந்தது. தொடை எலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்து, அன்றுதான் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வானை ஓட்டிய இளைஞனும் எமது பங்கைச் சேர்ந்தவனே. அவனுடைய தகப்பனாரும் ஊர்ப் பெரியவர்கள் இருவரும் ஓர் உறையில் அறுபதாயிரம் ரூபாவும், ஏற்கெனவே எழுதி வைத்த ஒரு கடிதமும் கொண்டு வந்திருந்தார்கள். "எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை, இனிமேல் எவ்வித நட்டஈடும் கோரமாட்டேன்" என்பதே அக்கடிதத்தின் சாரம். பெரியவர்கள் சொன்னபோது அந்த அம்மா பேசாமல் இருந்தார். பங்குச் சுவாமியாகிய நான் சொன்னதும் பேனாவை வாங்கினார்.

அன்றிரவு அறைவீட்டுக்குத் திரும்பும்போது, ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்ற மனநிறைவு எனக்கு இருந்தது. பங்கில் பகை வளராமல் தடுத்துவிட்டேன் என்று எண்ணினேன்.

அறுபதாயிரம் ரூபா நான்கு மாதங்களில் முடிந்துவிட்டது. கால் நேராகவில்லை. கடையப்பம் சுட்டு, பெட்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றுச் சீவித்த அவர், இன்று கிணற்றடிக்குப் போவதற்கே பொல்லுப் பிடிக்கிறார். கிளினிக்குக்கு ஒவ்வொரு முறையும் முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும். பாடசாலையில் படித்த இளைய மகள் படிப்பை விட்டுவிட்டு ஒரு கடையில் நிற்கிறாள்.

இப்பத்தியில் "நாம்" என்று எழுதுவதே வழக்கம். இன்று "நான்" என்று எழுத வேண்டியிருக்கிறது. ஒரு முழுப் பத்திரிகையையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒருவர் தம் தவற்றைச் சொல்ல முடியாது. அந்த அம்மாவின் அனுமதியோடேயே இதை எழுதுகிறேன். ஊரைச் சொல்லவில்லை, ஊகிக்கவும் வேண்டாம். இதில் எதுவும் ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதும் அல்ல.

கேள்வி இதுதான்: தமக்குத் தீங்கு செய்தவரை மன்னித்த கிறிஸ்தவர் ஒருவர், அதன்பின் அவரிடம் நட்டஈடு கேட்கலாமா? கேட்டால் அந்த மன்னிப்பு பொய்யாகிவிடுமா? எம்மவர்களுள் பலர் மனத்தில் "கேட்கக் கூடாது" என்ற விடையே இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போவது வஞ்சம் தீர்ப்பது, காசு கேட்பது பேராசை, பேசாமல் இருப்பதே சிலுவை சுமப்பது என்று எண்ணுகிறோம். நானும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணியிருந்தேன், குருமடத்தில் ஒழுக்க இறையியல் படித்திருந்தும்.

முதலில் "ஆண்டவருடைய சித்தம்" என்ற சொல்லைப் பார்ப்போம். அடிபட்டவர் தம் கட்டிலில் கிடந்து, தம் செபமாலையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னால், அது விசுவாசம். அதன்முன் நாம் தலைவணங்க வேண்டும். அடித்தவர் அதைச் சொன்னால், அல்லது அவருக்காகப் பேச வந்தவர் சொன்னால், அது வேறு சொல். வானின் வேகமானியில் இருந்த இலக்கத்தை இறைவன் வைக்கவில்லை. சாரதியின் கையில் இருந்த தொலைபேசியை இறைவன் கொடுக்கவில்லை. மனிதனின் கவனயீனத்தை இறைவனின் கணக்கில் எழுதுவது பக்தி அல்ல. அது இறைவன்மேல் சுமத்தும் பழி. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், வேகக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை அற்பமாக எண்ணுகிறவர்கள் தமதும் பிறரதும் உயிரை ஆபத்துக்கு உள்ளாக்குவதை உணர்வதில்லை என்று கண்டித்திருக்கிறது. மறைக்கல்வி ஏடு, குடிபோதையாலோ வேக மோகத்தாலோ வீதியில் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதைப் பாரதூரமான குற்றம் என்றே சொல்கிறது. பொய்யும் களவும் ஒப்புரவின்போது நினைவுக்கு வருவதுபோல, முந்திச் செல்வதற்காக வளைவில் வெட்டி ஓடியது எத்தனை பேருக்கு நினைவுக்கு வருகிறது?

எமது வீதிகளை எண்ணிப் பாருங்கள். ஏ-9 வீதி போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காக மூடிக் கிடந்தது. 2009க்குப் பின் திறந்து, அகலமாக்கி, காப்பெற் இட்டார்கள். குண்டும் குழியுமாய் இருந்த காலத்தில் முப்பது கிலோமீற்றரில் ஊர்ந்த வாகனங்கள் இப்போது பறக்கின்றன. வீதியோரத்து வீடு, பாடசாலை, கோவில், குளம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன; மாடு சாய்த்துக்கொண்டு போகிறவரும், விறகு கட்டிக்கொண்டு வருகிறவரும் அதே நடைவேகத்தில்தான் போகிறார்கள். இலங்கை முழுவதிலும் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். அவர்களுள் கணிசமானோர் வாகனத்தில் ஏறாதவர்கள். வெறுமனே நடந்து போனவர்கள்.

நிற்க. வேதாகமம் என்ன சொல்கிறது? விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். "கண்ணுக்குக் கண்" என்ற பகுதி எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சற்று முன்னே உள்ளதை எவரும் வாசிப்பதில்லை. ஒருவன் மற்றவனை அடித்து, அவன் சாகாமல் படுக்கையில் கிடந்து, பின்பு ஊன்றுகோலோடு எழுந்து நடந்தால், அடித்தவன் தண்டனைக்குத் தப்பலாம். ஆயினும் அவன் வேலையிழந்த காலத்துக்கும், முற்றாகக் குணமடையும்வரையான வைத்தியத்துக்கும் ஈடு செய்தாக வேண்டும் என்று அங்கே விதிக்கப்பட்டிருக்கிறது. ஊன்றுகோல் என்ற சொல் அங்கே இருப்பதை, அந்த அம்மாவின் பொல்லைப் பார்த்த பின்தான் நான் கவனித்தேன். அதே அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய சட்டமும் உண்டு. மாடு முட்டும் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டி வைக்காத சொந்தக்காரன், அது செய்த கொலைக்குத் தானே பொறுப்பாளி ஆகிறான். சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத மகனிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்கும் தகப்பன்மார் இந்தப் பகுதியை ஒருமுறை வாசித்தால் நல்லது.

புதிய ஏற்பாட்டில் இது தளர்ந்துவிட்டதா? சக்கேயு ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்ற நாளில், எவரிடமாவது அநியாயமாய் எடுத்திருந்தால் நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். "போகட்டும், எல்லோரும் உன்னை மன்னித்துவிட்டார்கள்" என்று ஆண்டவர் தடுக்கவில்லை. பீடத்தில் காணிக்கை வைக்க வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால் முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று அவர் சொன்னதும் தீங்கு செய்தவனை நோக்கியே. நாமோ அதைத் தீங்கு அடைந்தவரை நோக்கித் திருப்பிவிட்டோம். அடித்தவர் வந்து உறையை நீட்ட, அடிபட்டவரைப் பார்த்து, "ஒப்புரவாகுங்கோ" என்கிறோம்.

நல்ல சமாரியன் உவமையைப் பற்றி ஒரு வார்த்தை. குற்றுயிராய்க் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்து, இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொன்னானே, அவன் எந்தக் குற்றமும் செய்யாதவன். அவன் கொடுத்தது இரக்கம். கொள்ளையர் கொடுக்க வேண்டியது அப்படியே நிலுவையில் நிற்கிறது. வானில் வந்து மோதியவர் பழங்களும் அறுபதாயிரம் ரூபாவும் கொண்டுவந்தால், நாம் அவரைச் சமாரியன் என்று மெச்சுகிறோம். அவர் சமாரியன் அல்ல, கடன்காரர். கடனை ஈகையாக ஏற்றுக்கொள்ளும்படி வறியவரை வற்புறுத்துவதில் ஓர் இழிவு இருக்கிறது. தமக்குரியதைப் பெறுகிறவரைக் கும்பிட்டு வாங்க வைக்கிறோம்.

மன்னிப்பு என்பது என்ன? எனக்குத் தீங்கு செய்தவனுக்குத் தீங்கு நேரவேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுவது. அவன் நல்லாயிருக்க வேண்டும் என்று விரும்புவது. அதை அந்த அம்மா வைத்தியசாலையிலேயே செய்துவிட்டார். நான் கேட்குமுன்பே, "பாவம், இளந்தாரிப் பெடியன்" என்றார். அவருடைய மன்னிப்புக்கு என் உதவி தேவைப்படவில்லை. தேவைப்பட்டது அவருடைய முறிந்த காலுக்கும் இழந்த தொழிலுக்கும் உரிய ஈடு. இவை இரண்டும் ஒன்றல்ல. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது, பாவம் விளைவித்த சேதம் எல்லாவற்றையும் அது போக்குவதில்லை என்பதே ஒப்புரவு அருட்சாதனம் பற்றிய திருச்சபையின் போதனை. களவெடுத்ததைத் திருப்பிக் கொடு, காயத்துக்கு ஈடு செய் என்று அது கேட்கிறது. இறைவனுடைய மன்னிப்பே ஈடுசெய் கடமையை நீக்காதபோது, மனிதருடைய மன்னிப்பு மட்டும் அதை எப்படி நீக்கும்? தமக்குரியதை விட்டுக்கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது தமக்கு என்ன உரியது என்று அறிந்து, அச்சமின்றி, எவருடைய நெருக்குதலும் இன்றிக் கொடுப்பதாய் இருக்க வேண்டும். மகளின் படிப்பும் அதற்குள் அடங்கியிருக்கும்போது, விட்டுக்கொடுக்க அது அந்தத் தாய்க்கு மட்டும் உரிய பொருளா என்றுகூடக் கேட்கலாம்.

"அவனும் குடும்பக்காரன், எங்கே போவான் காசுக்கு?" என்று கேட்பார்கள். நானும் கேட்டேன். இங்கேதான் என் அறியாமை பெரிது. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், மூன்றாம் ஆளுக்கு நேரும் காயத்துக்கும் மரணத்துக்குமான காப்புறுதி இல்லாமல் எந்த மோட்டார் வாகனத்தையும் வீதியில் ஓட்டக்கூடாது என்று விதித்திருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் வரி அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது காட்டும் காப்புறுதிப் பத்திரம் அதற்காகத்தான். சாரதியின் தவறு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தால், அத்தீர்ப்புத் தொகையைச் செலுத்தக் காப்புறுதிக் கம்பனியைக் கட்டாயப்படுத்தும் ஏற்பாடும் அச்சட்டத்தில் உண்டு. வீதியில் நடந்து போகும் வறியவர் ஒருவரை ஓர் ஏழைச் சாரதி மோதினால், இரண்டு ஏழைகளும் சேர்ந்து அழக்கூடாது என்பதற்காக, வாகனம் வைத்திருக்கும் எல்லோரிடமும் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்த பொதுக் காசு அது. இதை நான் அன்று அறிந்திருந்தால், அந்தக் கடிதத்தில் கையெழுத்து வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அந்த உறையால் காப்பாற்றப்பட்டது சாரதியின் குடும்பமும் அல்ல. ஒரு காப்புறுதிக் கம்பனி.

இன்னொரு மயக்கமும் எம்மிடையே உண்டு. பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறார்கள், சாரதி குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், தண்டப்பணம் கட்டுகிறார். "வழக்கு முடிஞ்சுது" என்று அடிபட்டவரும் வீட்டுக்கு வந்துவிடுகிறார். முடிந்தது அரசாங்கத்தின் வழக்கு. தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. நீதவான் அத்துடன் நட்டஈடு கொடுக்கவும் கட்டளையிடலாம். ஆனால் காயப்பட்டவரின் முழு இழப்புக்கும் உரிய இடம் மாவட்ட நீதிமன்றம். அங்கே தொடுக்க வேண்டியது வேறு வழக்கு. கேட்கக்கூடியவை எவை? வைத்தியச் செலவு, உழைப்பு இழப்பு, இனி உழைக்க முடியாமற் போன அளவு, பட்ட நோவும் வேதனையும். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த வழக்கைத் தொடுக்க வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் உள்ள விதி அது. வெள்ளைக்காரன் காலத்து விதி என்று சிரிக்க வேண்டாம். இன்றும் அதுவே நடைமுறை. அந்த அம்மாவுக்கு அது எனக்குத் தெரிய வந்தபோது மூன்றாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. நான் போய்க் கேட்ட சட்டத்தரணி, "சுவாமி, அந்தக் கடிதத்தை எதிர்த்து வாதாட வழி இருந்திருக்கும், இந்தத் திகதியை எதிர்த்து வாதாட வழியில்லை" என்றார்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நீதியாய் எழுதியவன் ஆகமாட்டேன். நடந்து போகிறவரெல்லாம் புனிதர் அல்லர். கள்ளுத்தவறணையிலிருந்து இருட்டில் வீதியின் நடுவே வருகிறவரும் உண்டு. தொலைபேசியைக் காதில் வைத்தபடி பார்க்காமல் இறங்குகிறவரும் உண்டு. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இதற்கு ஒரு நீதியான வழி கண்டிருக்கிறது. இரு தரப்பிலும் தவறு இருந்தால், காயப்பட்டவரின் வழக்கை அது முற்றாகக் கவிழ்த்துவிடாமல், அவரவர் தவற்றின் அளவுக்கு நட்டஈட்டைக் குறைத்துக் கொடுக்கும். ஆகவே பொய் சொல்லத் தேவையில்லை. இருந்தும் சொல்கிறார்கள். கடவையிலிருந்து முப்பது யார் தள்ளிக் கடந்தவரைக் கடவையிலேயே கடக்க வைத்து விடுகிறார்கள். அந்த நேரம் சந்தையில் நின்றவர் கண்கண்ட சாட்சியாகி விடுகிறார். வைத்தியசாலை வாசலில் நின்று, "வழக்கை எங்களிடம் விடுங்கோ, வருகிறதில் பாதி" என்று பேரம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். பொய்ச் சாட்சியால் வென்ற காசும் அநியாயமாய் எடுத்த காசே. அதற்கும் ஈடுசெய் கடமை உண்டு, காப்புறுதிக் கம்பனியிடமிருந்து எடுத்திருந்தாலும்.

"உயிருக்கும் உறுப்புக்கும் விலை போடலாமா?" என்பது அடுத்த கேள்வி. இறந்த பிள்ளையின் பேரில் காசு வாங்குவது அருவருப்பு என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அந்த அருவருப்பை நான் மதிக்கிறேன். ஆனால் புனித தோமஸ் அக்குவினாஸ் இதே தடையை எடுத்து விடை சொல்லியிருக்கிறார்: ஒருவனுடைய உறுப்பைப் போக்கியவன் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது, சமமாய் ஈடு செய்ய இயலாதபோது, இயன்ற அளவுக்குக் காசாலோ மதிப்பாலோ, இரு தரப்பாரின் நிலையையும் பார்த்து, ஒரு நல்ல மனிதனின் தீர்மானப்படி ஈடு செய்ய வேண்டும் என்கிறார். காசு காலின் விலை அல்ல. கால் இல்லாத நாட்களின் செலவு. எமது நாட்டுச் சட்டமும் இதில் வெகுகாலம் கடினமாகவே நின்றது. உழைக்கிறவர் இறந்தால் அவரை நம்பியிருந்தவர்கள் உழைப்பிழப்பைக் கேட்கலாம். பாடசாலைக்குப் போகிற பிள்ளை இறந்தால்? அப்பிள்ளைக்கு உழைப்பில்லை, ஆகவே துயரத்துக்கென்று பெற்றோர் கேட்க இடமிருக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே, பிறருடைய கவனயீனத்தால் ஒருவர் இறந்தால் நெருங்கிய உறவினர் அன்பும் துணையும் இழந்ததற்கும் மனத்தாக்கத்துக்கும் நட்டஈடு கேட்க வழி பிறந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் இச்சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்று கண்டிருக்கிறேன்.

மோதிவிட்டு ஓடுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலர் கல்நெஞ்சால் ஓடுகிறார்கள். சிலர் சனம் கூடி அடிக்கும் என்ற பயத்தால் ஓடுகிறார்கள். அந்தப் பயம் வீண் பயம் அல்ல என்பது எமக்கு வெட்கம். நிறுத்த வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். உயிருக்குப் பயந்தால் நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போகட்டும். வீட்டுக்குப் போய் வாகனத்தைக் கழுவுகிறவனுக்கு எந்தப் பயமும் சமாதானம் ஆகாது. வாகனம் இன்னதென்று கண்டுபிடிக்க முடியாத விபத்துகளில் கைவிடப்பட்டோருக்கென, 1998ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் அமைந்த வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையின் நிதியத்திலிருந்து ஓர் உதவித்தொகை உண்டு. அது பெருந்தொகை அல்ல. ஆனால் விண்ணப்பிக்காதவருக்கு அதுவும் இல்லை.

சாரதிமாருக்குச் சொல்லப்படும் ஓர் ஆலோசனை எனக்கு நெருடலாய் இருக்கிறது. "பொறுப்பை ஒப்புக்கொள்ளாதே, அவர்கள் வீட்டுப் பக்கம் போகாதே" என்பார்கள். கம்பனியின் சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்கவோ தொகை பேசவோ கூடாது என்ற நிபந்தனை காப்புறுதிப் பத்திரங்களில் வழமையாக இருப்பது உண்மை. ஆனால் வைத்தியசாலைக்குப் போய்க் கட்டில் அருகே நின்று கண்ணீர் விடக்கூடாது என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. தொகை பேசாமலே போகலாம். கடிதம் கொண்டுபோகாமலே போகலாம். புலம்பெயர்ந்தோருக்கும் பயணிகளுக்குமான மேய்ப்புப்பணித் திருப்பீட அவை 2007இல் வீதிக்கென்று பத்துக் கட்டளைகள் வெளியிட்டது; அதில் விபத்தால் பாதிக்கப்பட்டோரின் குடும்பங்களைத் தாங்குவது ஏழாவது. தவறு செய்த சாரதியையும் பாதிக்கப்பட்டவரையும் உரிய வேளையில் சந்திக்க வைப்பது எட்டாவது. "உரிய வேளையில்" என்ற நிபந்தனை அங்கே காரணத்தோடு இருக்கிறது. நான் ஏழாவதைச் செய்யாமல் எட்டாவதுக்குத் தாவினேன். அதுவும் கையில் பேனாவோடு.

சரி, என்ன செய்யலாம்? பங்குகளில் உள்ள வின்சென்ட் டி போல் சபையாருக்கும் இளைஞர் ஒன்றியத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். விபத்து நடந்தால் பூங்கொத்தோடும் ஹோர்லிக்ஸ் போத்தலோடும் மட்டும் போகாதீர்கள். வாகன இலக்கத்தையும், பக்கத்தில் நின்றவர்களின் பெயர்களையும் எழுதி வையுங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் வாங்கி வையுங்கள். வைத்தியசாலையில் கொடுக்கும் அட்டை, மருந்துக்கடைத் துண்டு, முச்சக்கர வண்டிக்குக் கொடுத்த கணக்கு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். வாக்குமூலம் கொடுக்கும்போது ஒருவர் கூடப் போங்கள். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழியும் அதுவே. விளங்காத மொழியில் எழுதிய தாளில், வாசித்து விளக்குமுன் பெருவிரல் அடையாளம் வைக்க எவரும் கடமைப்பட்டவர் அல்லர். கையில் காசில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நீதிமன்றங்களை அண்டி அதன் நிலையங்கள் உண்டு. வருமானம் குறைந்தவரின் வழக்கை அங்கே எடுத்துப் பேசுவார்கள். இவ்வளவையும் ஞாயிறு அறிவித்தலில் மூன்று நிமிடங்களில் சொல்லிவிடலாம். கார்னிவல் நுழைவுச்சீட்டு விலையைச் சொல்ல நாங்கள் அதைவிடக் கூடிய நேரம் எடுக்கிறோம்.

இனி என் கடன். பிறருக்கு விளைந்த அநீதிக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் யார் யார் என்று அக்குவினாஸ் ஒரு நிரலைத் தருகிறார். கட்டளையிட்டவர், ஆலோசனை சொன்னவர், சம்மதித்தவர், முகத்துதி செய்தவர், புகலிடம் கொடுத்தவர், பங்கெடுத்தவர், பேசாதிருந்தவர், தடுக்காதவர், வெளிப்படுத்தாதவர் என ஒன்பது வகை. குருமடத்தில் பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்தோம். இரண்டாவது இடத்தில் நிற்பவரைப் பாருங்கள். ஆலோசனை சொன்னவர் எப்போதும் கட்டுப்பட்டவர் அல்லர். அந்த ஆலோசனையால்தான் தீங்கு விளைந்தது என்று கருத நியாயம் இருந்தால் கட்டுப்பட்டவர் என்று அவர் நுணுக்கமாகச் சொல்கிறார். பெரியவர்கள் சொன்னபோது வாங்காத பேனாவை நான் சொன்னபோது வாங்கினார் என்று தொடக்கத்தில் எழுதினேனே, அது இதற்காகத்தான்.

சென்ற ஆண்டு அவரிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "சுவாமி, கால் நோகேக்கை அந்தப் பெடியன்ரை நினைவு எனக்கு வாறேல்லை. நீங்கள் அண்டைக்குச் சொன்னதுதான் வரும். ஆண்டவருக்கு நான் என்ன செய்தனான் எண்டு யோசிப்பன்" என்றார். நான் கெடுத்தது அவருடைய வழக்கை மட்டும் அல்ல. இறைவன் தம் காலை முறித்தார் என்று ஒரு தாய் நான்கு ஆண்டுகள் நம்பியிருக்கிறார். நம்பச் சொன்னவன் நான். அதற்கு என்ன ஈடு என்று எந்த நிரலிலும் நான் காணவில்லை. மகளை மீண்டும் படிக்க அனுப்பும் செலவை என் பூசைக் காணிக்கையிலிருந்து கொடுக்கிறேன். அதை உதவி என்று சொல்லக்கூடாது என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

அதன்பின் அந்தத் தகப்பனாரிடமும் போனேன். மகன் இப்போது வெளிநாட்டில். "சட்டப்படி இரண்டு வருசம் முடிஞ்சுதுதானே, சுவாமி?" என்றார். முடிந்ததுதான். ஆனால் காலாவதியை ஏற்கும் திருச்சபைச் சட்டமே, அதன் 198ஆம் பிரிவில், அக்காலம் முழுவதும், தொடக்கத்தில் மட்டுமல்ல, நல்மனம் நீடித்திருக்க வேண்டும் என்கிறது. அறுபதாயிரம் ரூபாவோடு எல்லாம் தீர்ந்தது என்று அவர் இதுவரை உண்மையாகவே நம்பியிருக்கலாம். நம்ப வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. நான் போய்ச் சொன்ன அந்த நாளிலிருந்து அப்படி நம்பியிருக்க முடியாது. இதையும் அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "எவ்வளவு, சுவாமி?" என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் தொகை இருக்கவில்லை. அந்த அம்மா கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவருவதை முதலில் ஒருமுறை வந்து பாருங்கள் என்றேன். அடுத்த சனிக்கிழமை பின்னேரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இம்முறை நான் வாசலில் நின்றுகொள்வேன்.